மூலைமட்டம் கோணினால்...!

கொத்தனார் சுவர் எழுப்புகிறார். மூலைக்கு வந்ததும் கரண்டியைக் கீழே வைக்கிறார். இரு சட்டங்களைச் செங்கோணத்தில் பொருத்திச் செய்த மூலைமட்டத்தை எடுக்கிறார். சுவர் திரும்புகின்ற இடத்தில் பொருத்துகிறார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நோக்குகிறார். பொருந்தினால் வேலை தொடரும். பொருந்தவில்லையேல் வைத்த கல் பெயர்க்கப்படும். அங்கே மன்றாட்டு இல்லை, மந்திரம் இல்லை, 'என் பாட்டன் இப்படித்தான் வைத்தான், ஆகவே நானும் இப்படித்தான் வைப்பேன்' என்ற வாதமும் இல்லை. கருவி காட்டுகிறது, கண் காண்கிறது, கை திருத்துகிறது. அவ்வளவுதான்!

இந்த எளிய கருவிக்கு, ரோமாபுரியின் தச்சரும் கொத்தரும் வழங்கிய பெயர் 'நோர்மா' என்பது. இலத்தீன் மொழிச் சொல். பேரரசுகள் பல சரிந்தன. அந்தச் சொல் சரியவில்லை. அது ஈன்ற பிள்ளைகள் இன்று உலகெங்கும் உலவுகின்றன. காய்ச்சல் தணிந்தவனைப் பார்த்து மருத்துவர் 'நார்மல்' என்கிறார். நாலு பேரைப் போல் நடக்காதவனை ஊர் 'அப்நார்மல்' என்கிறது. மிகப் பெரியதை ஆங்கிலம் பயின்றோர் 'எனார்மஸ்' என்கின்றனர். பட்டறையிலே பிறந்த சொல், மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றது எப்படி? செல்லும் வழியில் அது எதைச் சுமந்தது? எதைத் தொலைத்தது? இதனை ஆராய்வது புலவர்களின் பொழுதுபோக்கு அன்று. மனிதனை அளக்க மனிதன் எடுத்த அளவுகோலின் வரலாறு இது. அளக்கப்பட்டு, 'கோணல்' என்று ஒதுக்கப்பட்டோரின் வரலாறும் இதுவே.

கருவி, பெயருக்கு மூத்தது. எகிப்து நாட்டில், மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து அமைத்த தொழிலாளர்கள் குடியிருந்த தேய்ர் எல் மெதினா என்ற சிற்றூரில், செந்நெஜெம் என்னும் தொழிலாளியின் கல்லறை 1886 இல் கண்டுபிடிக்கப்பட்டது. கி.மு. 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன் அவன். அவனோடு வைக்கப்பட்டிருந்த பொருள்களில் மூலைமட்டமும் தூக்குக்குண்டும் இருந்தன. மன்னனின் கல்லறையிலே பொன் மின்னிற்று. உழைப்பாளியின் கல்லறையிலே கருவி இருந்தது! மன்னன் மறுமைக்குப் பொருள் கொண்டுபோக எண்ணினான். தொழிலாளி தன் திறமையைக் கொண்டுபோக எண்ணினான் போலும்.

கிரேக்கர் இந்த மூலைமட்டத்துக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று 'க்னோமோன்'. சூரிய கடிகாரத்திலே நிழல் வீழ்த்த நடப்படும் கோலுக்கும் அதுவே பெயர். நிழற்கோலையும், பகலைப் பன்னிரண்டு கூறாகப் பகுப்பதையும் கிரேக்கர் பாபிலோனியரிடமிருந்து கற்றனர் என்று ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். 'க்னோமோன்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன? 'அறிவது', 'அறிந்து தீர்ப்பது' என்பதே! எது நேர், எது கோணல் என்று அறிந்து சொல்வது எதுவோ, அதற்கு 'அறிவது' என்றே பெயரிட்டனர் கிரேக்கர்.

அந்தக் கிரேக்கச் சொல்லே, இத்தாலியில் ரோமருக்கு முன்னரே நாகரிகம் வளர்த்த எட்ருஸ்கரின் வாய் வழியே திரிந்து, இலத்தீனில் 'நோர்மா' ஆயிற்று என்பது மொழிநூலார் பலர் கொண்டுள்ள கருத்து. நிலம் அளக்க ரோமர் கையாண்ட 'க்ரோமா' என்ற கருவியின் பெயரும் அவ்வழியே வந்ததென்பர். அக்கருத்தின்படி பார்த்தால் உறவு முறை மிக விந்தையானது. அறிதலைக் குறிக்கும் அதே வேரிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'நோ' என்னும் வினை வந்தது. அறியாமையைக் குறிக்கும் 'இக்னரன்ஸ்' வந்தது. உயர்குடியினரைக் குறிக்கும் 'நோபிள்' என்பதும் வந்தது. 'நோபிள்' என்பதற்கு முதற்பொருள் 'அறியப்பட்டவன்' என்பதுதான். ஊரறிந்தவன் என்பதற்கு மேல் அதில் உயர்வு ஏதுமில்லை! பிறப்பினால் வந்த பெருமை என்பதெல்லாம் பின்னால் ஏற்றிய சாயம். அளவுகோலும் அறியாமையும் மேட்டுக்குடியும் ஒரே வேரின் கிளைகள்! இந்த மூன்றும் வரலாற்றிலே மீண்டும் மீண்டும் கூடிக் குலவுவதை மேலே காணப் போகிறோம்.

*

ரோமாபுரியில் மூலைமட்டம் பிடித்தவர்கள் யார்? செனட்டர்கள் அல்லர். அடிமைகளும், விடுதலை பெற்ற அடிமைகளும், கைத்தொழிலாளருமே. அவர்களுடைய கல்லறைக் கற்கள் சிலவற்றில் மூலைமட்டமும் கவராயமும் தூக்குக்குண்டும் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். தம் வாழ்வின் அடையாளம் எதுவென்று கேட்டால், அவர்கள் காட்டியது கருவியை!

கட்டடக் கலையைப் பற்றிப் பத்துப் புத்தகங்கள் எழுதிய விட்ருவியஸ், கி.மு. முதல் நூற்றாண்டினர். தொழிலாளர் அரும்பாடுபட்டும் துல்லியமாகச் செய்ய இயலாத மூலைமட்டத்தை எளிதாக அமைக்கும் வழியைப் பித்தாகரஸ் காட்டினார் என்று அவர் எழுதுகிறார். மூன்றடி, நான்கடி, ஐந்தடி நீளமுள்ள மூன்று சட்டங்களை எடுத்து நுனியோடு நுனி சேர்த்தால் சரியான செங்கோணம் கிடைக்கும். ஒன்பதும் பதினாறும் சேர்ந்தால் இருபத்தைந்து! இந்த உண்மையைப் பித்தாகரசுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னரே பாபிலோனியர் அறிந்திருந்தனர் என்று களிமண் பலகைகள் இன்று சொல்கின்றன. எந்த நாட்டவன் கண்டான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எவன் செய்து பார்த்தாலும், எந்த ஊரில் செய்து பார்த்தாலும், எந்தக் குலத்தான் செய்து பார்த்தாலும் அந்தக் கோணம் செங்கோணமே! இதுதான் அறிவின் ஆட்சி. இதற்குப் புரோகிதம் தேவையில்லை.

அதே நூற்றாண்டில் வாழ்ந்தவர் லுக்ரீஷியஸ். தெய்வங்களைப் பற்றிய அச்சத்திலிருந்து மனிதனை மீட்க வேண்டுமென்று நெடும்பாட்டு இயற்றிய பகுத்தறிவாளர். பொருள்களின் இயல்பைப் பற்றிய அந்நூலின் நான்காம் பகுதியிலே அவர் இந்தக் கருவியை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். அடிக்கோல் வளைந்திருந்தால், மூலைமட்டம் பொய் சொன்னால், தூக்குமட்டம் சிறிது சாய்ந்தால், கட்டடம் முழுவதும் கோணும். ஒரு பகுதி முன்னே சாயும், ஒரு பகுதி பின்னே சரியும். முதல் அளவையில் நேர்ந்த பிழையே முழு வீட்டையும் வீழ்த்தும். அதுபோலவே, கண்ணும் காதும் தரும் சான்றைத் தள்ளிவிட்டு எழுப்பும் எண்ணக் கோட்டை எதுவும் நிற்காது என்பது அவர் வாதம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்னது! கொத்தனின் கருவியைக் கொண்டு கோயில் குருவின் வாயை அடைத்தார் அந்தக் கவிஞர்.

ஆனால் சொல், பட்டறையோடு நிற்கவில்லை. நூலோரும் நாவலரும் அதைக் கடன் வாங்கினர். சிசரோ, வாழ்க்கையையும் அறிவையும் நேர்செய்யும் அளவைக்கு 'நோர்மா' என்று உருவகம் செய்தார். எது சரியான பேச்சு என்பதற்கு வழக்கே 'நோர்மா' என்றார் ஹோரேஸ். கையிலிருந்த கருவி கருத்தாயிற்று. சுவரை அளந்தது சொல்லையும் செயலையும் அளக்கப் புகுந்தது.

அளவுகோல் பிறந்தால் அதற்குப் புறம்பானதும் பிறக்குமன்றோ? மூலைமட்டத்துக்குப் புறம்பானதை இலத்தீனில் 'எனோர்மிஸ்' என்றனர். கி.பி. 64 இல் ரோமாபுரி எரிந்த கதையை எழுதுகிற டாசிடஸ், பழைய நகரத்தின் தாறுமாறான தெருக்களுக்கு இந்தச் சொல்லையே ஆள்கிறார். ஒழுங்கற்றது என்ற பொருள், அளவு மீறியது என்று வளர்ந்து, ஆங்கிலத்தின் 'எனார்மஸ்' ஆயிற்று. 'எனார்மிட்டி' என்றாலோ கொடுஞ்செயல் என்று பொருள்! கோணலாக இருப்பதே குற்றம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளே குடி புகுந்ததைக் காண்கிறோம்.

இன்னொரு சொல் 'அப்நோர்மிஸ்'. இதை ஹோரேஸ் யாருக்குச் சூட்டினார் தெரியுமா? ஒஃபெல்லஸ் என்ற உழவனுக்கு! எந்தத் தத்துவப் பள்ளியின் அளவைக்கும் கட்டுப்படாமல், தன் சொந்த அறிவால் தெளிந்தவன் என்று போற்றுவதற்கே அச்சொல்லை ஆண்டார். அந்த உழவனுடைய நிலம் பறிக்கப்பட்டு வேறொருவனுக்கு வழங்கப்பட்டது. தன் நிலத்திலேயே குத்தகைக்காரனாக நின்று, கலங்காமல் உழுதான் அவன். 'அளவைக்குப் புறம்பானவன்' என்பது அன்று அவனுக்குப் பாராட்டு! பிற்காலத்தில், சமமற்றது என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல்லோடு இது கலந்து, 'அப்நார்மல்' என்ற வசையாயிற்று. வாழ்த்தாகப் பிறந்தது வசையாக வளர்ந்தது! யார் கையில் அளவுகோல் இருக்கிறதோ, அவர் வாயில் இருக்கிறது சொல்லின் பொருள்.

*

'நார்மல்' என்ற சொல் ஆங்கிலத்தில் முதலில் வடிவியலுக்கே உரியதாக இருந்தது. ஒரு கோட்டுக்கோ பரப்புக்கோ செங்குத்தாக நிற்பது என்பதே பொருள். கணக்கு வகுப்பில் மாணவர்கள் இன்றும் அப்பொருளில் படிக்கின்றனர். 'வழக்கமானது', 'இயல்பானது' என்ற பொருள் ஊன்றியது 19 ஆம் நூற்றாண்டிலேதான். அதாவது, ஆதிகாலந்தொட்டு இருப்பதாக நாம் எண்ணுகிற 'நார்மல் மனிதன்' இருநூறு ஆண்டுக் குழந்தை!

அவன் பிறப்பதற்கு முன்னே பிறந்தது பள்ளிக்கூடம். ஆஸ்திரியாவில் மரியா தெரேசா ஆட்சியில், 1774 இல் வந்த கல்விச் சட்டம், பிற பள்ளிகளுக்கு முன்மாதிரியாக விளங்கும் பள்ளிகளை 'நார்மல்' பள்ளிகள் என்றது. பிரெஞ்சுப் புரட்சி மன்றம் 1794 அக்டோபர் 30 ஆம் நாள், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 'எக்கோல் நோர்மால்' என்ற பள்ளியை நிறுவ ஆணையிட்டது. லக்ராஞ்சு, லப்லாஸ், மோஞ்சு போன்ற கணித மேதைகள் அங்கே பாடம் சொன்னார்கள். குடிமக்கள் அனைவர்க்கும் கல்வி. அதைத் தரும் ஆசிரியர்க்கு ஒரு நேரிய அளவை! மூலைமட்டம் மனிதனுக்கு நன்மை செய்யப் புகுந்த வேளை அது. 1839 இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் அரசினர் 'நார்மல்' பள்ளி தோன்றிற்று. 1856 இல் சென்னையிலும் அரசினர் 'நார்மல் ஸ்கூல்' ஏற்பட்டது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. ஆக, ரோமாபுரித் தச்சனின் மூலைமட்டம் நம் சென்னைக்கு வந்தது, வாத்தியார்களை உருவாக்கும் பள்ளியின் பெயர்ப்பலகையிலே ஏறித்தான்!

ஆனால் அதே காலத்தில் வேறொரு வேலையும் நடந்தது. பிரெஞ்சு மருத்துவர் புரூசே, நோய் என்பது உடலின் இயல்பான நிலையினின்று மிகுதலோ குறைதலோ ஆகும் என்றார். தத்துவ அறிஞர் ஒகுஸ்த் கோந்த், அந்தக் கருத்தைச் சமுதாயத்துக்கும் நீட்டினார். உடலுக்கு இயல்பு உண்டென்றால் சமுதாயத்துக்கும் இயல்பு உண்டு. அதிலிருந்து பிறழ்வது நோய்! கேட்பதற்கு அறிவியல் போலத் தோன்றும். ஆனால் சமுதாயத்தின் 'இயல்பு' எது என்று தீர்ப்பவர் யார்? காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. கலகக்காரனை அளக்க?

பெல்ஜிய நாட்டு வானநூலார் கெத்லே, 1835 இல் வெளியிட்ட நூலிலே 'சராசரி மனிதன்' என்ற ஒருவனைப் படைத்தார். விண்மீனின் இடத்தைப் பலமுறை அளந்தால் அளவுகள் சிறிது சிறிது மாறும், நடுவிலுள்ள அளவே உண்மைக்கு அண்மையது, மற்றவை பிழைகள். இந்த வானநூல் விதியை மனிதன்மேல் ஏற்றினார் அவர். ஸ்காட்லாந்துப் படைவீரர் 5,000 பேருக்கு மேற்பட்டவர்களின் மார்பளவுகளை எடுத்து வரைந்தபோது, அதே மணி வடிவக் கோடு வந்தது. உடனே சராசரி உண்மையாயிற்று. மற்றவரெல்லாம் இயற்கை செய்த பிழையாயினர்! விண்மீன் ஒன்று, அதைப் பார்த்த கண்களில் பிழை உண்டு. ஆனால் மனிதர் ஆயிரம் பேர் ஆயிரம் பேரே! ஒருவனைத் தவறாக ஆயிரம் முறை அளந்த விளைவல்லவே அவர்கள்! இந்த வேறுபாட்டை மறந்த இடத்தில்தான் மூலைமட்டம் கோணிற்று.

கோணிய மட்டத்தைக் கையிலெடுத்தார் பிரான்சிஸ் கால்ட்டன். அந்த மணிக்கோட்டுக்கு 'நார்மல்' என்ற பெயர் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியதில் அவருக்குப் பங்குண்டு. 1883 இல், மனித இனத்தை நல்ல பிறப்பினரால் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 'யூஜெனிக்ஸ்' என்று பெயரிட்டவரும் அவரே. அதன்பின் நடந்தது என்ன? 1927 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், அறிவு குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஓர் ஏழைப் பெண்ணைக் கட்டாயமாகக் கருத்தடை செய்வது சட்டப்படி சரி என்று தீர்ப்பளித்தது. 1933 ஜூலை 14 ஆம் நாள் இட்லரின் ஜெர்மனி அதே கருத்தைச் சட்டமாக்கிற்று; அந்தச் சட்டத்தால் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் கருத்தடைக்கு ஆளாயினர். சுவரைச் சீர்செய்யப் பிறந்த கருவியின் பெயரால் மனிதரைச் சீவித் தள்ளினர்! பொருந்தாத கல்லைப் பெயர்ப்பது கொத்தனின் கடமை. பொருந்தாத மனிதனைப் பெயர்ப்பது யாருடைய உரிமை?

கால்ட்டனின் வழியினரான கார்ல் பியர்சனே 1920 இல், 'நார்மல்' என்ற அந்தப் பெயரால் ஒரு தீமை உண்டு, மற்றப் பரவல்களெல்லாம் ஏதோ ஒருவகையில் இயல்புக்கு மாறானவை என்று மக்களை நம்பவைக்கிறது அது, என்று எழுத நேர்ந்தது. 1943 இல் பிரான்சின் ஷொர்ஷ் கங்கீலெம், மருத்துவ ஆய்வு நூலொன்றில், இச்சொல்லின் மூலத்தை எடுத்துக்காட்டி, எண்ணிக்கை மிகுந்தது என்பதும் நல்லது என்பதும் ஒன்றல்ல என்று விளக்கினார். பிரான்சை இட்லரின் படை ஆண்ட காலம் அது. அந்த ஆட்சியை எதிர்த்துப் போராடியோரில் அவரும் ஒருவர்.

இந்தக் கதைக்கு ஒரு நகைச்சுவைக் காட்சியும் உண்டு. அமெரிக்காவில், ஏறத்தாழ 15,000 இளம்பெண்களின் உடல் அளவுகளின் சராசரியைக் கொண்டு ஒரு பெண் சிலை வடிக்கப்பட்டது. அளக்கப்பட்டோர் அனைவரும் வெள்ளையர். சிலைக்கு இட்ட பெயர் என்ன? 'நோர்மா'! ஆம், தச்சனின் மூலைமட்டத்தின் பெயரே! 1945 இல் கிளீவ்லாந்து நகரில், இந்தச் சிலையின் அளவுகளுக்கு ஒத்த பெண் யார் என்று போட்டி வைத்தனர். 3,864 பெண்கள் கலந்துகொண்டனர். ஒன்பது அளவுகளிலும் பொருந்தியவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! 'இயல்பான பெண்' என்று கல்லில் வடித்தவளைப் போல் கண் முன்னே ஒரு பெண்ணும் இல்லை. இருந்தும் அவர்கள் என்ன செய்தனர்? சிலை தவறு என்று சொல்லவில்லை; சிலைக்கு அண்மையில் வந்தவருக்குப் பரிசு தந்தனர்! பொய்த்த அளவுகோலைப் போற்றி, மெய்யான மனிதரைக் குறைகூறும் பழக்கம் எந்தக் கண்டத்துக்கும் புதிதன்று.

*

அப்படியானால் மூலைமட்டத்தை முறித்துப் போட்டுவிடலாமா? அன்று, தோழர்களே! அளவையே வேண்டாமென்பது அறிவுடைமை ஆகாது. அளவையின்றிச் சுவர் நிற்காது. மருந்து அளக்க முடியாது. நீதி வழங்க முடியாது.

ஆனி மாதத்து முன்னிரவில் தென்வானைப் பாருங்கள். தேள் வடிவ விண்மீன் கூட்டத்துக்குத் தெற்கே மங்கிய சில மீன்கள் தெரியும். அந்தக் கூட்டத்தின் பெயர் 'நோர்மா'. பிரெஞ்சு வானநூலார் லக்காய், 1751, 1752 ஆம் ஆண்டுகளில் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானை அளந்து, புதிய விண்மீன் கூட்டங்கள் 14 வகுத்தார். பழங்காலத்தார் வானில் தேவர்களையும் அரக்கர்களையும் குடியேற்றினர். இவரோ தொலைநோக்கியையும் நுண்ணோக்கியையும் கவராயத்தையும் மூலைமட்டத்தையும் குடியேற்றினார்! ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அங்கிருந்த மலையின் பெயர். கடவுளர் கொலுவிருந்த வானில் கொத்தனின் கருவி! அறிவின் வளர்ச்சிக்கு இதைவிட அழகிய அடையாளம் வேண்டுமோ? கருவி போற்றற்குரியது. கோணிய கருவியே ஆபத்தானது.

கருவி கோணியதா என்று அறிவது எப்படி? அதற்கும் விடை பட்டறையிலேயே இருக்கிறது. அனுபவமுள்ள தச்சர் ஒருவரைக் கேளுங்கள். நேரான பலகை விளிம்பில் மூலைமட்டத்தை வைத்து ஒரு கோடு கிழிப்பார். பிறகு கருவியைப் புரட்டி, அதே புள்ளியில் மறுபுறமாக வைத்து இன்னொரு கோடு கிழிப்பார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் கருவி நேர்மையானது. விலகினால் கருவி பொய்யானது. அந்த விலகல், பிழையை இருமடங்காகக் காட்டிக் கொடுக்கும்!

சமுதாயத்தின் அளவுகோல்களையும் இப்படிப் புரட்டிப் பார்ப்போம். கணவனை இழந்தவள் பூவும் பொட்டும் துறக்க வேண்டும் என்பது 'வழக்கம்' என்றால், மனைவியை இழந்தவனுக்கு அதே கோடு கிழித்துப் பார்ப்போம், பொருந்துகிறதா? ஒரு தெருவான் தொட்ட தண்ணீர் தீட்டு என்றால், மறு தெருவான் தொட்ட தண்ணீருக்கு அதே விதியைப் புரட்டி வைப்போம், படிகிறதா? படியவில்லை! கோடுகள் விலகுகின்றன. அப்போது பிழை மனிதனிடத்தில் இல்லை, மட்டத்தில் இருக்கிறது. 'வழக்கமே நியாயம்' என்று காலமெல்லாம் ஓதப்பட்ட நாட்டிலே பிறந்த நாம், இந்தச் சோதனையை மறக்கலாகாது.

'நோர்மா'வின் மூதாதைச் சொல்லுக்கு 'அறிவது' என்று பொருள் கண்டோம். அறிவிலிருந்து பிறந்த அளவை, அறிவைக் கைவிட்டால் வெறும் கட்டையே. கையில் மட்டத்தோடு நம்மிடம் வருகிறவரைக் கேட்போம்: "ஐயா, அளப்பது இருக்கட்டும். முதலில் உம்முடைய மூலைமட்டத்தைச் சற்றுப் புரட்டிக் காட்டும்!"